கஜானியை இறங்கிவரச் சொல்

மேட்டு லயம், தெஹியோவிட்ட
2024.08.18

செல்லையாவுக்கு,

நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. இங்கே ஒருத்தி நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று சுகந்தினிக்குத் தையல் பிரித்தார்கள். வலது கையில் இப்போது நாலு விரல். தூக்கிக்கொண்டு போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "அம்மே, விரல் எங்க? கொண்டு வந்தீங்களா? தைச்சுப் பார்க்கலாம்" என்று கேட்டார். "பெத்த தகப்பன் அடுப்புல போட்டுட்டான் ஐயா" என்றேன். கையிலிருந்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார்.

காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை புத்தகத்தில் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கட்டைவிரல் வைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அது மிருகத்தின் முத்திரை, வலது கையில் வாங்கியவன் நரகத்துக்குத்தான் என்று உங்கள் சபை வேலைக்கே வரவில்லை. சுகந்தினி வைத்தாள். வைக்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் உலையில் அரிசி இல்லை. அவள் செய்த பாவம் இவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு நீ கதவைச் சாத்தினாய். "அப்பா வேணாம்ப்பா, அப்பா வேணாம்ப்பா" என்று அவள் கத்தியது லயத்து வரிசையில் அடுத்த அறையான என் காம்பராவில் சுவர் தாண்டிக் கேட்டது. நான் கதவை உதைத்துத் திறந்தபோது அம்மிக்கல்லிலிருந்து ரத்தம் வடிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. உன் கையில் விறகுக் கத்தி. உன் சின்ன மகள் கஜானி, அக்காவின் இரண்டு தோளையும் முழங்காலால் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். நீ என்னைப் பார்த்து, "முடிஞ்சிருச்சு அக்கா. இப்ப அவ சுத்தம்" என்றாய். பால் கறந்து முடித்தவன் மாதிரி சொன்னாய்.

உன்னைப் பொலிஸ் கொண்டுபோன மறுநாளே உங்கள் போதகர் ராமச்சந்திரன் பதினொரு குடும்பங்களை மலை உச்சிக்கு ஏற்றிவிட்டான். முன்பு ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம் பாழாய்க் கிடக்கிறதே, அங்கேதான் இருக்கிறார்கள். எல்லோருடைய போனையும் வாங்கிக் கல்லில் வைத்து உடைத்தானாம். ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு வானம் திறக்குமாம். கஜானியும் அங்கேதான் இருக்கிறாள். இருபது வயதுப் பிள்ளை.

அம்மா செத்தபோது உனக்கு ஒன்றரை வயது. உன்னை இடுப்பில் தூக்க ஆள் இல்லாமல்தான் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அதற்காக இன்றுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கஜானியை இறங்கிவரச் சொல்லி ஒரு வரி எழுது.

வெள்ளையம்மா


ரிமாண்ட் சிறை
2024.08.27

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடைத்து வாசித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுக்கிறார்கள். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஜெயிலர் ஐயா சொன்னார்.

நான் கோபத்தில் வெட்டவில்லை அக்கா. கோபத்தில் வெட்டுகிறவன் கத்தி தீட்டுவானா? நான் அரை மணி நேரம் தீட்டினேன். இரண்டாம் வெட்டு விழக்கூடாது என்று மூட்டைத் தடவிப் பார்த்துக் கத்தியை வைத்தேன். முப்பத்தொரு வருடம் ரப்பர் பால் வெட்டியவன், மரத்தின் உயிருக்குள் கத்தி போகாமல் பட்டையோடு நிறுத்தத் தெரிந்தவன் நான். முழு உடம்போடு நரகத்துக்குப் போவதைவிடக் கை இல்லாமல் ஜீவனுக்குள் போவது நல்லது என்று இரட்சகரே சொல்லியிருக்கிறார். அதை அவள் நெருப்பைப் பார்க்கும் நாளில் விளங்கிக்கொள்வாள்.

அடையாளங்களை நீங்களும் பார்த்தீர்கள். பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றோம். அரிசிக்கு அடிபட்டார்கள். ஆனி மாத வெள்ளத்தில் கீழேயிருக்கும் பணிய லயத்துக் கூரையை மண் மூடியது. யெருசலேம் பக்கம் யுத்தம். எல்லாம் சொன்ன வரிசைப்படி வந்தபிறகு, கடைசியாக வலது கையைக் கேட்டு ஒரு மெஷின் வருகிறது. அதைச் சும்மா ஒரு மெஷின் என்று நினைக்கச் சொல்கிறீர்களா?

இங்கே மகளை வெட்டியவன் என்று தெரிந்ததும் கக்கூஸில் வைத்து என்னை அடித்தார்கள். இரண்டு பல் போய்விட்டது. கலவானயில் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் என்ற முஸ்லிம் மனிதன்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்து வாய் கழுவிவிட்டான். பரவாயில்லை. என் கை சுத்தம். எந்த முத்திரையும் நான் வாங்கவில்லை.

கஜானி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். அவளை இறங்கிவரச் சொல்ல என்னால் முடியாது. நீங்களும் மூன்று மணிக்கு முன்னால் மலையேறிவிடுங்கள் அக்கா. உங்களுக்காகத்தான் தினமும் அழுகிறேன்.

உங்கள் தம்பி
செல்லையா


மேட்டு லயம்
2024.09.10

செல்லையாவுக்கு,

உன் அழுகையை நீயே வைத்துக்கொள். சுகந்தினி சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் சுவரோடு தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள், அதைப் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை. பால் வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை, கீழே விழுந்து காலைக் கிழித்துவிட்டது. மூட்டைத் தடவிப் பார்த்து வெட்டினாயாம். பெரிய வைத்தியர்.

இனி நான் எழுதுவதை நிதானமாகப் படி.

வெள்ளிக்கிழமை உங்கள் சபை விஜயகலாவின் புருசன் தனுஷன் மலையிலிருந்து இறங்கி வந்தான். வந்தான் என்று சொல்லக்கூடாது, விழுந்து புரண்டு வந்தான். விஜயகலாவைக் கூட்டிக்கொண்டு வெளியேறப் பார்த்திருக்கிறான். ராமச்சந்திரனும் இன்னும் மூன்று பேரும் அவனைத் தூணில் கட்டி, இரும்புக் கம்பியால் முதுகில் அடித்திருக்கிறார்கள். இடது காது பாதி கிழிந்து தொங்குகிறது. அடித்ததில் ஒருவன் அவன் கூடப்பிறந்தவன். அடிக்கும்போது பாட்டுப் பாடினார்களாம்.

தனுஷன் சொன்னான்: "அம்மாயி, புகைக் கட்டடத்து அடுப்புல ரப்பர் விறகு கூரை வரைக்கும் அடுக்கியிருக்காங்க. மண்ணெண்ணெய் கேன் நாலு இருக்கு. அன்னைக்கு மூணு மணிக்கு உள்ளேருந்து கதவைக் கட்டையால அறைஞ்சிட்டு நெருப்பு வைப்பாங்க. உண்மையான விசுவாசி வேக மாட்டான், அப்படியே மேல போயிருவான்னு சொல்றான்."

பொலிஸுக்குச் சொன்னோம். இரண்டு பேர் ஏறிப் போனார்கள். எல்லோரும் வெளியே வந்து சிரித்துக்கொண்டு ஜெபக்கூட்டம் என்றார்களாம். விறகு எதற்கு என்றால் சமைக்க என்றார்களாம். மண்ணெண்ணெயை ஏற்கெனவே காட்டுக்குள் ஒளித்துவிட்டார்கள். வளர்ந்த ஆட்கள் தங்கள் விருப்பத்தில் இருக்கிறார்கள், அம்மே, கூச்சல் வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

பிறகு நானே போனேன். அறுபத்தெட்டு வயதில் அந்த மேட்டை ஏறினேன். கதவைத் திறக்கவில்லை. பலகை இடுக்கில் கஜானியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

"கீழ வா புள்ள. அக்கா உன்னைக் கேக்குறா" என்றேன்.

"அக்கா என்னைத் திட்டுறாளா?"

"வந்து கேட்டுக்க."

"அத்தை, அப்பா சொன்னா வாறேன். வேற யாரு சொன்னாலும் வரமாட்டேன். அப்பா சொல்லமாட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள்.

நீ சொன்னால் வருவாள். சொல்லாவிட்டால் வெந்து சாவாள். நடுவில் வேறு ஒன்றும் இல்லை. உன் வாயால்தான் அந்தப் பிள்ளை ஏறினாள், உன் வாயால்தான் இறங்கவேண்டும்.

வெள்ளையம்மா


ரிமாண்ட் சிறை
2024.09.22

அக்கா,

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதியிருந்தேன். என் கை சுத்தம் இல்லை.

கொண்டுவந்த அன்றே பத்து விரலிலும் மை தடவி அச்சு எடுத்தார்கள். நான் விடவில்லை. ஒருவருடைய முன்கையைச் சதை வரக் கடித்தேன். நாலு பேர் என் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்தது. வலது கட்டைவிரலை ஒரு பையன் பிடித்து அட்டையில் உருட்டினான். "சமாவென்ன தாத்தே" என்று மெதுவாகச் சொன்னான். மன்னிச்சிருங்க தகப்பனே என்கிறான் என்னைப் பார்த்து.

அன்றிலிருந்து காத்திருக்கிறேன். முத்திரை வாங்கியவன் மேல் கொடிய புண் வரும் என்று இருக்கிறது. வரவில்லை. வாதை வரவில்லை. காலையில் பாணும் பருப்பும் வருகிறது. ஜெபம் பண்ணினால் முன்பு நெஞ்சில் எப்படி இறங்குமோ அப்படியே இறங்குகிறது. இதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. அவர் என்னைத் தள்ளிவிட்டிருந்தால்கூட நிம்மதியாக இருக்கும்.

வேதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். அந்த நாளும் அந்த மணியும் ஒருவருக்கும் தெரியாது, பரலோகத்துத் தூதர்களுக்கும் தெரியாது என்று பச்சையாக இருக்கிறது. இதே இடத்தை ராமச்சந்திரன் போதகரோடு சேர்ந்து பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டி அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். நானும் கூடவே தாண்டினேன்.

அக்கா, கஜானிக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். இறங்கி வா என்று எழுதினால் மெஷின் வெறும் மெஷின் என்று ஆகிறது. மெஷின் வெறும் மெஷின் என்றால் என் மகளின் விரலை நான் எதற்கு வெட்டினேன்? அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. நான் செய்தது சரி என்றால் ஒருத்தி சாகவேண்டும். தப்பு என்றால் நான் எப்படி உயிரோடு இருப்பது?

சுகந்தினி என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

செல்லையா


மேட்டு லயம்
2024.09.30

தம்பி,

உன் கடிதத்தை சுகந்தினிக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு எப்படி உயிரோட இருக்கிறதுன்னு எங்கிட்ட கேக்கச் சொல்லாதீங்க அத்தை. என் தோள்ல அவ முழங்கால் பட்ட இடம் இன்னும் வலிக்குது. அவளை உயிரோட கொண்டாந்து என் முன்னுக்கு நிறுத்துங்க. நான் அவளை அடிக்கணும். செத்துப்போனா யாரை அடிக்கிறது?"

இதுதான் அவள் பதில். நீ சரியா தப்பா என்பதை அப்புறம் உட்கார்ந்து யோசி, உனக்கு அங்கே நேரம் இருக்கிறது. கஜானிக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான்.

எலெக்ஷனுக்குக்கூட மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. சுண்டுவிரலில் மை வைப்பார்களாம், அதுவும் முத்திரையாம். அதனால் ஒன்று சொல்கிறேன். உன் கடிதங்களில் சிறைச்சாலை முத்திரையும் உன் நம்பரும் குத்தியிருக்கிறது. அதைக் காட்டினால் மிருகத்தின் காகிதம் என்று அந்தப் படுபாவி கிழித்துப்போடுவான். முத்திரை விழாமல் அனுப்ப வழி பார். இதை உடைத்து வாசிக்கிற ஜெயிலர் ஐயாவும் மன்னிக்கட்டும்.

அக்கா


2024.10.08

அக்கா,

ஸஹாப்தீனுக்குப் பிணை கிடைத்துவிட்டது. சட்டை மடிப்புக்குள் வைத்து இதைக் கொண்டுவருகிறான். அவனுக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுங்கள். எங்கள் சண்டை அவனுக்கு விளங்காது. "புள்ளைய நெருப்புல இருந்து எடுக்கிற காயிதம்னா குடுங்க அண்ணே, நான் ஓடிப்போயாவது குடுக்குறேன்" என்றான்.

கீழே இருப்பதைச் சத்தமாக வாசியுங்கள். எல்லோருக்கும் கேட்கவேண்டும்.

*கஜானி மகளுக்கு அப்பா எழுதுவது. கதவைத் திறந்து இறங்கி வா. அந்த நாள் எது என்று ராமச்சந்திரனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும் என்று நாங்கள் சொன்னது பொய். அக்காவின் விரலை வெட்டச் சொன்னது தேவன் அல்ல. நான்தான் வெட்டினேன். அது பாவம். உன்னைப் பிடிக்கச் சொன்னதும் நான்தான், அந்தப் பாவமும் என்னுடையது. இரட்சகர் வரும் நாளில் நீ அடுப்படியில் நின்றாலும் ரப்பர் மரத்தடியில் நின்றாலும் உன்னைக் கண்டுபிடித்துக்கொள்வார். நெருப்புக்குள் போய் நிற்கத் தேவையில்லை. அத்தையோடு வீட்டுக்குப் போ.*

செல்லையா


மேட்டு லயம்
2024.10.24

தம்பி,

இதை எழுதத் தாமதமானதற்குக் காரணம் என் இரண்டு கையிலும் கட்டு. நேற்றுத்தான் வலது கையை அவிழ்த்தார்கள். கஜானி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைப் படிக்கப் பலம் வேண்டும், உட்கார்ந்துகொள்.

ஸஹாப்தீன் வெள்ளிக்கிழமை வந்தான். அன்றைக்கே ஏறினோம். வழியில் ஆறு பேர் தடியோடு நின்று கல்லெறிந்து எங்களை விரட்டினார்கள். சனிக்கிழமையும் அப்படியே. பொலிஸைக் கூப்பிட்டோம், வருகிறோம் என்றார்கள், வரவில்லை. ஞாயிறு காலையிலிருந்து ஒரே மழை. ஒரு மணிக்கு அந்த ஆறு பேரும் உள்ளே போய்விட்டார்கள். தனுஷனும் நாலு பால்வெட்டுக்காரர்களும் கோடரியோடு வந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் ஒரு கூட்டம். "ஞாயித்துக்கெழம வேலையை விட்டுட்டு வந்திருக்கேன், வானம் தொறக்கலேன்னா யாரு சம்பளம் குடுக்கிறது?" என்று ஒருத்தன் பகிடி விட்டான். தனுஷன் அவன் வாயிலேயே குத்தினான்.

கதவைக் கட்டை வைத்து அறைந்துவிட்டார்கள். உள்ளே பாட்டு. நான் பலகை இடுக்கில் வாயை வைத்து உன் கடிதத்தை வாசித்தேன். தொண்டை கிழிய வாசித்தேன். பாட்டு நின்றது.

"கேக்காதீங்க! ஜெயில்ல அடிச்சு எழுதி வாங்கியிருக்காங்க!" என்று ராமச்சந்திரன் கத்தினான்.

"அப்பா எழுத்துதானா அத்தை? காட்டுங்க" என்றாள் கஜானி. இடுக்கு வழியாகக் காகிதத்தை நீட்டினேன். பறித்துக்கொண்டாள். உள்ளே யாரோ கதவுக் கட்டையை இழுத்தார்கள். விஜயகலாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் திறக்கச் சொல்லி அழுதார்கள். சரி, வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தம்பி, நானும் நீயும் ஒன்றை யோசிக்கவில்லை. உன் பாவத்தை நீ ஒத்துக்கொண்டாய். அப்படியென்றால் தோளில் முழங்காலை வைத்து அழுத்தினவளுக்கு என்ன மிச்சம்?

"அப்ப நான் அக்காவை எதுக்குப் பிடிச்சேன்?" என்று ஒரு கத்தல் கத்தினாள். ஆட்டை அறுக்கும்போது வருமே, அந்தச் சத்தம். "எதுக்குப் பிடிச்சேன் அத்தை? எதுக்குப் பிடிச்சேன்?" மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ராமச்சந்திரன் வைக்கவில்லை நெருப்பை. அவள்தான் வைத்தாள்.

ரப்பர் விறகு எப்படிப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். கோடரியால் கதவைப் பிளந்தோம். கரும்புகைக்குள்ளிருந்து ஆட்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி எறிந்தார்கள், வெளியே நின்றவர்கள் பிடித்தார்கள். விஜயகலாவின் சேலை எரிந்துகொண்டிருந்தது, தனுஷன் அவளைச் சேற்றில் உருட்டினான். கிழவர் சின்னத்துரை மட்டும் எழும்பவே இல்லை. கையை விரித்து உட்கார்ந்தபடியே எரிந்துபோனார். ராமச்சந்திரன் பின்பக்கம் சாம்பல் அள்ளும் ஓட்டை வழியாக ஊர்ந்து வெளியே வந்தான். அவனைப் பிடித்து ஊரே அடித்தது. தாடை உடைந்து ஒரு கண் வெளியே வந்த பிறகுதான் பொலிஸ் வந்து பிடுங்கினார்கள். தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கஜானி வரவில்லை. கதவைப் பிளந்த கோடரியை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். ஷீட் தொங்கவிடும் தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்தேன். என் கையைக் கடித்தாள். முடியைப் பிடித்து இழுத்தேன். தூணை விடவில்லை. கூரையிலிருந்து நெருப்பு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. என் தலைமுடி பொசுங்கும் வாடை எனக்கே வந்தது. நான் கோடரியைத் திருப்பிப் பின்பக்கத்தால் அவள் காலில் அடித்தேன். முதல் அடியில் எலும்பு போகவில்லை. இரண்டாவது அடித்தேன். சத்தம் கேட்டது. அவள் விழுந்தாள். இழுத்துக்கொண்டு வந்தேன்.

நீ கத்தியைத் தீட்டும்போது என்ன நினைத்திருப்பாய் என்று அந்த இரண்டாவது அடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். உன்னை இதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் கண்முன்னால் நெருப்பைப் பார்த்து அடித்தேன், நீ பார்க்காத நெருப்புக்குப் பயந்து வெட்டினாய். அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கால் இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். நெருப்பு வைத்தது தான்தான் என்று பொலிஸிடம் அவளே சொல்லிவிட்டாள், கட்டிலுக்குப் பக்கத்தில் காவல் போட்டிருக்கிறார்கள். சுகந்தினி போனாள். போன வேகத்தில் இடது கையால் கன்னத்தில் நாலு அறை. நர்ஸ் நோனா ஓடிவந்து பிடித்தாள். மறுநாளும் போனாள், ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். இன்றைக்கும் போயிருக்கிறாள்.

என்னோடு கஜானி பேசுவதில்லை. உன் பேரைச் சொன்னேன். காறித் துப்பினாள். "அந்த மனுசன் ஒண்ணு ஏத்தியிருக்கக் கூடாது, இல்லேன்னா எறக்கியிருக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா


சிறைச்சாலை
2024.11.05

அக்காவுக்கு,

நேற்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டேன். வக்கீல் வேண்டாம் என்றேன். "விசுவாசத்தினால் செய்தீர்களா?" என்று நீதவான் கேட்டார். இந்தக் கையால் செய்தேன் என்றேன். மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சரியாகத்தான் சொன்னார்.

சின்னத்துரை அண்ணனைச் சபைக்குக் கூட்டி வந்ததும் நான்தான். அவர் பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை போய் அவர்கள் வாசலில் நில்லுங்கள். அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவேண்டியது அது.

அந்த நாள் வருமா வராதா என்று யாராவது கேட்டால் வரும் என்றுதான் இப்போதும் சொல்வேன். என்றைக்கு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். ஒக்டோபர் 13 மூன்று மணிக்கு இங்கே கணக்கெடுக்க வரிசையில் நிறுத்தினார்கள். மழையில் நனைந்துகொண்டு மேலே பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றேன். அது எங்கள் மலையில் புகை எழும்பிய நேரம் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

கஜானியின் காலை உடைத்ததற்கு நீங்கள் என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அவள் துப்பினாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். துப்பட்டும் அக்கா. இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு காகிதமும் பேனாவும் கொண்டு போங்கள். என்னைப் பற்றி அவள் என்ன திட்டினாலும், எவ்வளவு கெட்ட வார்த்தையாக இருந்தாலும், ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்புங்கள். சுகந்தினி திட்டுவதையும் எழுதுங்கள்.

செல்லையா